லாபம் ஒரு கோடு, காசு ஒரு கோடு

சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வங்கிக் கணக்கில் ஏறும் மாசி, பங்குனியில் டெல்டா வீடுகளில் முன்பெல்லாம் நகை, மனைக்கட்டு பற்றிய பேச்சுதான் ஓடும். இப்போது ஷேரும் சேர்ந்துகொண்டது. ஷேர்களை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டிமேட் கணக்குகள் நாட்டில் 2022 ஆகஸ்டில் 10 கோடியைத் தாண்டின. நீடாமங்கலமும் வலங்கைமானும் பேராவூரணியும் அந்தக் கணக்குக்குள் இருக்கின்றன. நான் கும்பகோணத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் கணக்கு பார்ப்பவன். அதனால் "இதைக் கொஞ்சம் பாரேன்" என்று சொந்தக்காரர்களிடமிருந்தும் தெரிந்தவர்களிடமிருந்தும் வாட்ஸப்பில் படங்கள் வந்துகொண்டே இருக்கும். பெரும்பாலும் இரண்டே வகை. ஒன்று, ஷேர் விலைக் கோடு, அதன் முனையில் மேலே பார்த்து ஒரு அம்பு. இன்னொன்று, ஒன்றைவிட ஒன்று உயரமாக ஐந்து பச்சைத் தூண்கள், தலையில் நிகர லாபம் என்று தலைப்பு.

அம்பு போட்ட படத்தை விட்டுவிடலாம். கம்பெனியை மற்றவர்கள் என்ன விலைக்கு வாங்கி விற்றார்கள் என்பதைத் தவிர அதில் வேறு சேதி கிடையாது. என்னை ரொம்ப நாளாக உறுத்துவது பச்சைத் தூண்கள்தான். அவை பொய் இல்லை, ஆண்டறிக்கையில் அச்சான எண்கள்தான். ஆனாலும் அந்த ஒரு படத்தை நம்பி ஒரு குடும்பம் நெல் பணத்தைக் கொண்டுபோய்ப் போடுகிறது என்றால் எனக்கு மனசு ஒப்பவில்லை. லாபக் கோட்டுக்குப் பக்கத்தில், தொழிலில் நிஜமாக வந்த காசின் கோடு ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்பது என் கட்சி. இதை ஆபீசில் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால் ஏன் இருந்தே ஆக வேண்டும் என்பது முழுசாக விளங்கியது நீடாமங்கலத்தில், மாமாவின் உரக்கடையில்.

மாமா முப்பது வருடங்களுக்கு மேலாக உரமும் பூச்சிமருந்தும் விற்கிறார். அவருக்கு வந்த படம் ஒரு பூச்சிமருந்து கம்பெனியுடையது. பெயர் இங்கே வேண்டாம். அவருக்கு நன்கு பழக்கப்பட்ட கம்பெனி, அவர் கடையிலேயே அதன் சரக்கு நிற்கிறது. "நாமதான் மாப்ள இவன் மருந்த விக்கிறோம். நல்லாத்தானே போவுது. கொஞ்சம் வாங்கிப் போடலாமா?" என்றார். தனக்குத் தெரிந்த தொழிலில் பணம் போடுவது நல்ல யோசனைதான், அதில் எனக்கு மறுப்பு இல்லை. லேப்டாப்பை பில் மேஜையில் வைத்து, பங்குச் சந்தை இணையதளத்திலிருந்து அந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கைகளை இறக்கி, எக்செலில் ஒவ்வொரு எண்ணாகத் தட்டச் சொன்னேன். ஸ்க்ரீனர் போன்ற தளங்களில் பத்து வருடக் கணக்கை ஒரே அழுத்தலில் எக்செல் கோப்பாக எடுக்கலாம்தான். ஆனால் முதல் முறை பார்க்கும் கம்பெனிக்குக் கையால் தட்டுவதே நல்லது. எண்ணைத் தேடிப் போகும்போது அதன் கீழே உள்ள குறிப்பும் கண்ணில் படும். இறக்கிய கோப்பில் குறிப்பு இருக்காது.

நான்கே வரிசைகள். விற்பனை, நிகர லாபம், காசு வந்து போன கணக்கைக் காட்டும் கேஷ் ஃப்ளோ அறிக்கையில் வரும் தொழில் செயல்பாட்டுக் காசு, சொத்தும் கடனும் காட்டும் பேலன்ஸ் ஷீட்டில் உள்ள, சரக்கு வாங்கியவர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கி. லாபத்தையும் காசையும் வருடவாரியாக வரைந்தால் கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடி ஒன்றும் புரியாது. ஒரு வருடம் மார்ச் 28 அன்று ஒரு பெரிய செக் வந்தால் காசு ஏறும், ஏப்ரல் 3 அன்று வந்தால் இறங்கும். சப்ளையருக்குக் கொடுக்க வேண்டியதை ஒரு மாதம் தள்ளிப்போட்டாலும் ஏறும். அதனால் கூட்டிக்கொண்டே போக வேண்டும். முதல் வருடத்தின் கட்டத்தை டாலர் குறி போட்டுப் பூட்டிவிட்டு, கூட்டித் தரும் சம் (SUM) சூத்திரத்தை வலப்பக்கம் இழுத்தால் போதும். ஒவ்வொரு கட்டத்திலும் அதுவரைக்குமான மொத்தம் வந்து உட்காரும். அந்த இரண்டு மொத்தங்களையும் ஒரே அச்சில் இரண்டு கோடுகளாக வரைய வேண்டும். ஒரே அச்சில் என்பது முக்கியம். இடப்பக்கம் ஒரு அளவுகோல், வலப்பக்கம் ஒரு அளவுகோல் என்று இரண்டு அச்சு வைத்துவிட்டால், சம்பந்தமே இல்லாத இரண்டு கோடுகளைக்கூட அண்ணன் தம்பி மாதிரி காட்டிவிடலாம்.

இந்த நான்கு வரிசையில் ஓர் அநியாயம் ஒளிந்திருக்கிறது, அதையும் சரி செய்ய வேண்டும். நம் நாட்டுக் கணக்கு விதிப்படி, நிதி நிறுவனங்களைத் தவிர மற்ற கம்பெனிகள் கட்டும் வட்டி, தொழில் செயல்பாட்டுக் காசில் கழியாது. நிதி திரட்டும் பிரிவில்தான் கழியும். நிகர லாபமோ வட்டி கழித்த பிறகு வருவது. இயந்திரமும் கட்டடமும் பழசாவதற்கு எழுதும் செலவான தேய்மானமும் அப்படித்தான். லாபத்தில் கழிந்திருக்கும், ஆனால் கையிலிருந்து காசு போயிருக்காது. ஆக, ஒழுங்காக வசூல் நடக்கும் கம்பெனியில் காசுக் கோடு லாபக் கோட்டுக்கு மேலேயே ஓட வேண்டும். இரண்டும் சமமாக இருக்கிறது என்று யாராவது மெச்சிச் சொன்னால் அங்கேயே சந்தேகப்படலாம். கடன் அதிகமுள்ள கம்பெனி என்றால், கட்டிய வட்டியைக் காசு வரிசையிலிருந்து நானே கழித்துவிடுவேன். அதற்கு ஒரு வரிசை கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான்.

மாமாவின் கம்பெனியில் முதல் சில வருடங்கள் காசுக் கோடு லாபத்துக்குச் சற்று மேலே ஓடியது. அப்புறம் லாபம் நிமிர்ந்து போக, காசு படுத்துவிட்டது. வருடம் ஏற ஏற இரண்டுக்கும் நடுவே வாய் பிளந்துகொண்டே போனது. லாபம் நூறு ரூபாய் என்று எழுதிய இடத்தில் கைக்கு வந்தது பாதிகூட இல்லை. அடுத்து, வரவேண்டிய பாக்கியை விற்பனையால் வகுத்து 365ஆல் பெருக்கி, பாக்கி வசூலாக எத்தனை நாள் ஆகிறது என்று ஒரு கோடு போட்டோம். மூன்று மாதத்தில் வந்துகொண்டிருந்த காசு ஆறு மாதத்தைத் தாண்டிவிட்டிருந்தது.

மாமா கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தப் பாக்கிக் கோட்டின் மேல் விரலை வைத்து, "இதுல நானும் இருக்கேனா மாப்ள?" என்று கேட்டார்.

"இருக்கீங்க மாமா."

எழுந்து உள்ளே போய் பில் கோப்பை எடுத்துவந்தார். மார்ச் கடைசி வாரத்தில் அந்தக் கம்பெனி போட்ட பில் ஒன்றைப் பிரித்து என் முன்னால் வைத்தார். அவர் கேட்டதைவிட நிறையவே எழுதியிருந்தது. "மார்ச் டார்கெட்டுன்னு அந்தத் தம்பி வந்து நின்னாரு. எறக்கி வச்சுக்குங்க, காசு சீசன் முடிஞ்சு குடுங்க, விக்காதத திரும்ப எடுத்துக்கிறோம்னாரு. நமக்கு என்ன நட்டம்னு எறக்கிக்கிட்டேன்." குடோனில் காட்டினார். பிரிக்காத அட்டைப்பெட்டிகள் சுவரோரம் இடுப்பளவுக்கு அடுக்கியிருந்தன. பங்குனி வெயிலில் அந்த மருந்து வாசனை தலையைச் சுற்றியது. வயலில் அப்போது தெளிக்க எதுவுமே இல்லை. நெல்லெல்லாம் அறுத்து, உளுந்தும் பயறும்தான் நிற்கின்றன. குறுவைக்குத் தண்ணீர் வந்து, நாற்று பிடித்து, பூச்சி விழுந்து, அதற்கு அப்புறம்தான் இந்தப் பெட்டிகள் உடையும். ஆனால் கம்பெனியின் கணக்கில் இவை விற்றாகிவிட்டன. லாபமும் வந்தாகிவிட்டது. அந்தப் பச்சைத் தூணில் ஒரு மெல்லிய துண்டு மாமாவின் குடோனில் கிடந்தது.

அதை அவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவரிடம் நீல அட்டை போட்ட ஒரு பாக்கி நோட்டு இருக்கிறது. போகத்துக்குப் போகம் கடன் வாங்கிப் போகும் விவசாயிகளின் கணக்கு அதில் ஓடும். எத்தனை ரூபாய்க்கு விற்றோம் என்பதை விட, அந்த நோட்டில் எத்தனை பக்கம் அடித்துத் தீர்ந்தது என்பதை வைத்துத்தான் அந்த வருடம் நல்ல வருடமா என்று அவர் சொல்வார். தன் கடைக்கு வைத்திருக்கும் அளவுகோலை ஷேர் வாங்கும்போது மட்டும் ஏன் கீழே வைத்துவிட வேண்டும் என்பதுதான் என் கேள்வி. தொழில் செய்கிறவர்களுக்குக் காசு வரத்து பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சார்ட்டில் அந்த வரிசை இல்லாததால்தான் அவர்கள் கேட்பதில்லை.

ஒரு கடையை வைத்து ஒரு கம்பெனியைச் சொல்லலாமா?

கூடாது. இதை மாமாவிடமும் சொன்னேன். அந்தக் கம்பெனி பஞ்சாபிலும் ஆந்திராவிலும் மகாராஷ்டிரத்திலும் விற்கிறது. டெல்டாவில் சரக்கு தேங்குவதற்கு மேட்டூர் ஒன்றே போதும். 2023இல் வழக்கம்போல ஜூன் 12 அன்று அணை திறந்தாலும், தண்ணீர் போதாமல் அக்டோபரில் மூடிவிட்டார்கள். 2024இல் திறந்ததே ஜூலை 28 அன்றுதான். நடவு தள்ளிப்போனால் மருந்து விற்பனையும் தள்ளிப்போகும், அதில் கம்பெனியின் மேல் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. நம் கண்முன்னால் நடப்பது நாடு முழுக்க நடக்கிறது என்று நினைப்பது, பச்சைத் தூணை நம்புவதற்குச் சற்றும் குறையாத ஆபத்து.

ஆகவே குடோனிலிருந்து கேள்வியை எடுத்துக்கொண்டு ஆண்டறிக்கைக்கே திரும்பினோம். இங்கேதான் பலருக்கும் தெரியாத ஒரு வசதி இருக்கிறது. கம்பெனிகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் 2021இல் ஒரு திருத்தம் வந்தது. அதன்படி, வரவேண்டிய பாக்கியை அதன் வயது வாரியாகப் பிரித்துக் காட்டியாக வேண்டும்: ஆறு மாதத்துக்குள், ஆறு மாதம் முதல் ஒரு வருடம், ஒன்று முதல் இரண்டு, இரண்டு முதல் மூன்று, மூன்று வருடத்துக்கு மேல். 2021-22 ஆண்டறிக்கையிலிருந்து இந்த அட்டவணை குறிப்புகளின் நடுவே கிடைக்கும். அதை எடுத்து, வருடத்துக்கு ஒரு தூணாக, தூணுக்குள் ஐந்து நிறமாக அடுக்கி வரைந்தால், பாக்கி பழசாகிறதா இல்லையா என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். வானிலையால் ஒரு வருடம் வசூல் தள்ளிப்போயிருந்தால், பழைய பாக்கியின் நிறம் ஒரு வருடம் தடித்து, மறு வருடம் மெலியும். வசூலாகாத விற்பனையைத் தொடர்ந்து எழுதிக்கொண்டே போயிருந்தால் அந்த நிறம் வருடா வருடம் மேலே நகரும். மாமாவின் கம்பெனியில் நகர்ந்துகொண்டிருந்தது. என்னைப் பொறுத்தவரை முடிவைச் சொன்ன சார்ட் அதுதான். குடோன் அதைத் தேட வைத்தது.

இன்னொரு குறிப்பும் உண்டு. சரக்கு திரும்பி வரும் என்று எதிர்பார்த்தால் அந்த அளவுக்கு விற்பனையாகக் காட்டக் கூடாது, திருப்பித் தர வேண்டிய பொறுப்பாக ஒதுக்க வேண்டும் என்கிறது இண்ட் ஏஎஸ் 115 என்ற இந்தியக் கணக்குத் தரநிலை. 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிற விதி. அந்த ஒதுக்கீட்டையும் ஒரு வரிசையாகப் போடுங்கள். விற்பனை இரண்டு மடங்காகும்போது அந்த ஒதுக்கீடு இருந்த இடத்திலேயே இருந்தால், ஏன் என்று கேட்க வேண்டியதாகிறது.

கோடு ஒடியும் இடங்கள்

பத்து வருட சார்ட் வரைகிறவர்கள் சில வருடங்களில் கோடு திடீரென்று குதிப்பதையோ விழுவதையோ பார்த்துவிட்டுக் கதை கட்டத் தொடங்கிவிடுவார்கள். "2019இல் புது நிர்வாகம் வந்தது, பாருங்கள் லாபம் எப்படி ஏறிவிட்டது" என்று ஒருவர் எனக்கு நீளமாக எழுதியிருந்தார். 2019 செப்டம்பர் 20 அன்று மத்திய அரசு கம்பெனி வரியைக் குறைத்தது. பெரிய கம்பெனிகளுக்குக் கிட்டத்தட்ட 35 சதவீதமாக இருந்த வரி, சலுகைகளை விட்டுக்கொடுத்தால் 25.17 சதவீதம் என்றானது. தொழிலில் ஒரு துரும்பும் அசையாமலேயே நிகர லாபம் ஏறியிருக்கும். இதைத் தெரிந்துகொள்ள வரிக்கு முந்தைய லாபத்தையும் கூடவே வரைந்தால் போதும். அது ஏறாமல் நிகர லாபம் மட்டும் ஏறியிருந்தால், அந்த ஏற்றத்தைக் கொடுத்தது அரசாங்கம்.

அதே வருடம் ஏப்ரல் முதல் குத்தகைக் கணக்கும் மாறியது. கடை, கிடங்கு, கட்டடத்துக்குக் கட்டும் வாடகை அதுவரை செலவாகக் கழிந்துகொண்டிருந்தது. இண்ட் ஏஎஸ் 116 வந்த பிறகு அதில் பெரும்பகுதி தேய்மானமாகவும் வட்டியாகவும் உருமாறிவிட்டது. கேஷ் ஃப்ளோவிலும் அது செயல்பாட்டுப் பிரிவை விட்டு நிதிப் பிரிவுக்குப் போய்விட்டது. வாடகைக் கடைகள் நிறைய வைத்திருக்கும் சில்லறை வியாபாரக் கம்பெனிகளின் செயல்பாட்டுக் காசு 2019-20இல் எகிறியிருப்பதற்கு இதுவே பாதிக் காரணமாக இருக்கும். குத்தகைக்குக் கட்டிய தொகையைக் கழித்துவிட்டு வரைந்தால்தான் முன்னும் பின்னும் ஒப்பிட முடியும். விற்பனைக் கோட்டுக்கு 2017 ஜூலை 1 ஒரு ஒடிசல். ஜிஎஸ்டிக்கு முன்பு கலால் வரியும் சேர்ந்து விற்பனையாகக் காட்டப்பட்டது, பின்பு வரி இல்லாமல் காட்டப்படுகிறது. பல கம்பெனிகளின் 2017-18 விற்பனை மந்தமாகத் தெரிவது இதனால்தான். 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டைப் பற்றி யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

என் எக்செலில் தேதிகளுக்கு அடியில் ஒரு வரிசை எப்போதும் காலியாக வைத்திருப்பேன். கோடு எங்கெல்லாம் ஒடிகிறதோ அங்கே காரணத்தைத் தமிழில் நாலு வார்த்தை எழுதிவைப்பேன். காரணம் தெரியாத வருடத்துக்குக் கேள்விக்குறி. கேள்விக்குறிகள் தீராமல் ஷேர் வாங்க மாட்டேன். டெல்டாவோடு சம்பந்தமுள்ள கம்பெனி என்றால் மேட்டூர் திறந்த தேதியும் அந்த வரிசையில் ஏறும்.

காலாண்டுக் கணக்குக்கு வந்தால், விவசாயம் சார்ந்த கம்பெனிகளில் ஜூன், செப்டம்பர் காலாண்டுகள் கனமாகவும் மார்ச் காலாண்டு லேசாகவும் இருப்பது இயல்பு. அதை அப்படியே தூண்களாக வரைந்தால் ஏற்ற இறக்கம்தான் தெரியும், போக்கு தெரியாது. கடைசி நான்கு காலாண்டுகளின் கூட்டுத்தொகையை ஒவ்வொரு காலாண்டுக்கும் நகர்த்திக்கொண்டே போய்க் கோடாக வரையுங்கள், பருவம் அடங்கிவிடும். அப்புறம் அச்சு. எண்கள் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருந்தால் எக்செல் தானாகவே அச்சின் அடியைப் பூஜ்யத்துக்கு மேலே தூக்கிவிடும். 95க்கும் 100க்கும் உள்ள வித்தியாசம் அப்போது இரண்டு மடங்காகத் தெரியும். தூண் வரைபடம் என்றால் அடி பூஜ்யத்தில்தான் இருக்க வேண்டும், கையாலாவது மாற்றிவிடுங்கள். நீண்ட கால வளர்ச்சிக்கு, ஒவ்வொரு படியும் ஒரே மடங்காக ஏறும் லாக் அளவுகோல் நல்லது. வருடத்துக்கு ஒரே சதவீதத்தில் வளரும் கம்பெனி அதில் நேர்கோடாக வரும், வேகம் குறைந்தால் கோடு வளையும். சாதாரண அச்சில் அந்த வளைவு கண்ணுக்கே தெரியாது.

காசுக் கோட்டையும் முழுசாக நம்பலாமா என்று கேட்டால், நம்ப முடியாது. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், பேலன்ஸ் ஷீட்டில் காட்டிய ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். அங்கே காசே கற்பனை. எத்தனை சார்ட் வரைந்திருந்தாலும் அந்த எண்களிலிருந்து அது வெளிப்பட்டிருக்காது. ஆனால் அப்படிப்பட்ட மோசடி அபூர்வம். விற்பனையை முன்கூட்டி எழுதுவதும், பாக்கியைச் சேரவிடுவதும், விதிகளுக்கு உட்பட்டே ஆண்டுதோறும் நடப்பவை. நெல் பணம் பெரும்பாலும் கரைவது அங்கேதான், அதை ஒரு எக்செல் தாளில் பிடித்துவிட முடியும். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வங்கிக்கு வேறு வரிசைகள்

கும்பகோணத்தில் இருந்துகொண்டு இதையெல்லாம் எழுதினால் அடுத்த கேள்வி வங்கிப் பங்கைப் பற்றித்தான் வரும். 1904இல் கும்பகோணம் வங்கி என்ற பெயரில் இங்கே தொடங்கி, இன்றும் இங்கேயே தலைமையகம் வைத்திருக்கும் சிட்டி யூனியன் வங்கியின் பங்குகளைத் தாத்தா காலத்திலிருந்து வைத்திருக்கும் வீடுகள் ஊரில் உண்டு. அவர்களில் ஒரு அத்தை, "எங்க பேங்குக்கும் அந்த ரெண்டு கோட்டப் போட்டுக் குடுப்பா" என்றார். எந்த வங்கிக்கும் அது பொருந்தாது என்று அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. வங்கிக்குக் காசுதான் சரக்கு. டெபாசிட் வந்தால் செயல்பாட்டுக் காசு ஏறும், கடன் கொடுத்தால் இறங்கும். நன்றாகக் கடன் கொடுத்து வளரும் வங்கியின் காசுக் கோடு பாதாளத்தில் கிடக்கும், அதில் பயப்பட ஒன்றும் இல்லை.

வங்கிகளுக்கு நான் வரைவது வேறு. மொத்த வாராக்கடன் சதவீதத்தை மட்டும் காட்டும் படங்கள் நிறையச் சுற்றுகின்றன. அந்தக் கோடு இறங்கினால் எல்லோருக்கும் சந்தோஷம். அது இரண்டு வழிகளில் இறங்கும்: கடன் வசூலாகியிருக்கலாம், அல்லது வசூலாகாது என்று கணக்கிலிருந்து நீக்கியிருக்கலாம். கடன் புத்தகம் வேகமாகப் பெருத்தாலும் வகுக்கும் எண் பெரிதாகிச் சதவீதம் இறங்கும். ஆகவே அந்தக் கோட்டோடு, அந்த வருடம் கணக்கிலிருந்து நீக்கிய கடனையும், புதிதாக வாராக்கடனாக மாறியதையும், வசூலானதையும் ரூபாய்க் கணக்கில் மூன்று தூண்களாகப் போட வேண்டும். வாராக்கடன் எப்படிக் கூடியது, எப்படிக் குறைந்தது என்ற அட்டவணை வங்கிகளின் ஆண்டறிக்கையில் நிதிநிலை அறிக்கைகளின் குறிப்புகளில் இருக்கும். அத்தைக்கு அந்தப் பக்கங்களை அச்செடுத்துக் கொடுத்திருக்கிறேன். பி.காம். படிக்கும் அவருடைய பேத்தி எக்செலில் ஏற்றிக்கொண்டிருக்கிறாள். புது வாராக்கடன் வரிசையைக் காலாண்டு வாரியாகவும் போட முடியுமா என்று நேற்று கேட்டாள். முடியும், முதலீட்டாளர்களுக்காக வங்கிகள் காலாண்டுதோறும் வெளியிடும் விளக்கக் கோப்புகளில் அதைத் தேடு என்று சொல்லியிருக்கிறேன்.